முன்களம் காணும் பிரின்சி

பிரின்சிக்குப் பதவி உயர்வு கிடைத்த செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் பிரின்சிக்குத் தெரிந்தது. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எதிரே ஷேர் ஆட்டோவில் இடுங்கி உட்கார்ந்திருந்தவள் தற்செயலாக நிமிர்ந்தாள். டீக்கடைக் கூரைக்கு மேல் அவளே நின்றுகொண்டிருந்தாள். நிஜத்தைவிட இரண்டு மடங்கு பெரியவளாக, ஆதார் அட்டையில் இருக்கும் அதே திகைத்த முகத்தோடு. கீழே சிவப்பு எழுத்து: 'பின்னால் நின்றது போதும். முன்களம் காணும் சகோதரி பிரின்சியை வாழ்த்தி மகிழும் கொசஸ்தலை கால்பந்துக் கழகம்.'

பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த பெண்மணி பிளெக்ஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எலக்சன்ல நிக்கிறியாம்மா?"

"இல்லக்கா. ஃபுட்பால்."

"அதுல எந்தக் கட்சி?"

பிரின்சி இறங்கிக்கொண்டாள். மைதானம் இன்னும் தூரம் இருந்தது. இருந்தாலும் அந்த முகத்தோடு அந்த ஆட்டோவில் உட்கார முடியவில்லை.

பிரின்சி ஸ்டாப்பர். அதாவது கோல் காக்கும் கோலிக்கு முன்னாலும் மற்ற எல்லோருக்கும் பின்னாலும் நின்று, எதிரணி கொண்டுவரும் பந்தை மறிப்பவள். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் வேறெங்கும் நின்றதில்லை. இந்த வேலையில் பெரிய வித்தை ஒன்றுதான். முகம் முன்னால் பார்த்தபடி இருக்க, கால் பின்னால் ஓட வேண்டும். அவளுக்கு அது நடப்பதைவிடச் சுலபம். கோல் அடித்த ஞாபகம் அவளுக்கு ஒன்றுகூட இல்லை. கோல் போகாத ஞாபகங்கள் நிறைய இருந்தன. அவற்றை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

கொசஸ்தலை கால்பந்துக் கழகம் தொழிற்பேட்டை முதலாளிகள் சிலர் சேர்ந்து நடத்தும் தொழில்முறைக் கழகம். ஒப்பந்தம், மாதச் சம்பளம், சீருடை எல்லாம் உண்டு. அதன் பெண்கள் அணி ஒழுங்காக ஜெயித்துக்கொண்டிருந்தது. இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் முனிகிருஷ்ணன் செயலாளராக வந்தார்.

முனிகிருஷ்ணன் ஒரு கம்பி ஆலையின் பணியாளர் துறையில் ஆயுள் முழுக்க இருந்து ஓய்வு பெற்றவர். கால்பந்து அவர் பார்த்ததில்லை. பதவி உயர்வு நிறையப் பார்த்திருக்கிறார். வந்த அன்று பயிற்சியைச் சிறிது நேரம் கவனித்துவிட்டுக் கோச் ஜெகனைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு எத்தினி வருசமா அங்கியே நிக்கிது?"

"அது ஸ்டாப்பர் சார். அதோட எடமே அதான்."

"ஊட்ல இன்னா பண்றாங்க?"

"அம்மா சிப்காட்ல கேண்டீன்ல கீறாங்க சார். அவங்க தாத்தா காலத்துல நெலத்துல கூலி வேலை."

"பாத்தியா. தாத்தாவப் பின்னால நிக்க வச்சாங்க, பேத்தியயும் நீ பின்னால நிக்க வெக்கிற. மனசாட்சி கீதா ஒனக்கு?"

ஜெகன் தன் மனசாட்சியைத் தேடிச் சட்டைப் பையில் கைவிட்டார். விசில்தான் கிடைத்தது.

அடுத்த வாரமே கழக அலுவலகத்தின் சுவரில் 'தொழில் முன்னேற்றப் பாதை' என்ற படம் வரையப்பட்டது. ஏணி மாதிரி. அடியில் கோலி, அது பயிற்சி நிலை. அதற்கு மேல் பின்களத்தில் நிற்கும் பேக். அதற்கு மேல் நடுக்களத்தில் ஆடும் ஹாஃப். அதற்கும் மேலே, முன்களத்தில் கோல் அடிக்கும் ஃபார்வர்டு. ஏணியின் உச்சியில் ஒரு நாற்காலி வரைந்திருந்தார்கள். கோட்டுக்கு வெளியே மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் அதே நாற்காலிதான். நிழல் இருந்தது, காற்று வந்தது, டீ கிடைத்தது. மைதானத்தில் இவ்வளவு வசதியான இடம் வேறு இல்லை என்பதால் அது 'உயர்நிலை இருக்கை' ஆயிற்று. கழகத்தில் நீண்ட நாள் உழைத்த இரண்டு பேர் அந்த நிலையை ஏற்கெனவே அடைந்து, ஆட்டம் நடக்கும்போது தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கோச் கோட்டுக்கு வெளியே நிற்பவர். உட்காரவும் இல்லை. ஆகவே அவர் ஒப்பந்தத் தொழிலாளர் என்று முடிவாயிற்று.

பதவி உயர்வு விழாவில் முனிகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார். வீட்டில் பேசும் தமிழ் மைக்குக்கு முன்னால் அவரை விட்டு விலகிவிடும்.

"நோய்த்தொற்றுக் காலத்தில் முன்களப் பணியாளர்களை நாடே கைதட்டிப் பாராட்டியது. பின்களப் பணியாளர் என்று யாரையாவது யாராவது பாராட்டியதுண்டா? பின்தங்கிய பகுதியில், பின்தங்கிய குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணைப் பின்களத்திலேயே நிறுத்தியது யார் குற்றம்? இனி இந்தக் கழகத்தில் திறமை பார்க்கப்படாது. திறமை ஆளுக்கு ஆள் மாறும். சீனியாரிட்டி மாறாது."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டியவர்களில் புவனேஸ்வரி இல்லை. பழவேற்காட்டு மீனவக் குப்பத்திலிருந்து வந்த புவனேஸ்வரிதான் அணியிலேயே நன்றாகக் கோல் அடிப்பவள். ஆனால் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவளைப் பயிற்சி நிலையில் போட்டிருந்தார்கள். கையில் கோலியின் கையுறை இருந்ததால் தட்டினால் சத்தம் வராது. அந்தக் கையுறையை இத்தனை வருடம் போட்டிருந்த மோனிகா அக்கா, இன்னும் ஆடுபவர்களில் சீனியாரிட்டியில் முதலிடம் என்பதால் கேப்டனாகவும் சென்டர் ஃபார்வர்டாகவும் உயர்ந்து, வெறும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

விழா முடிந்ததும் ஜெகன் பிரின்சியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனார்.

"கோய்க்கோட்டு டீம்லேர்ந்து போன் வந்துச்சு. போன வருசத்து வீடியோ பாத்துக்கீறாங்க. அவங்க கோச்சம்மாவே இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கெயம வராங்க. ஒன்னத்தான் பாக்க."

கோழிக்கோட்டு அணி பெரிய லீக்கில் ஆடுவது. அங்கே போனால் நாடு முழுக்க ஆடலாம். அங்கே ஸ்டாப்பரை ஸ்டாப்பர் என்று கூப்பிடுவார்கள்.

"ஃபார்வர்டு அவங்ககிட்ட வண்டி வண்டியா கீது. ஸ்டாப்பர்தான் வேணுமாம். ஒரு மேட்ச்தான் பாப்பாங்க."

"நான் இப்ப ஃபார்வர்டு சார்."

"அதாம்மா பேஜாரு."

"நீங்க சொல்லக் கூடாதா?"

"நான் காண்ட்ராக்ட்டும்மா. வாயத் தொறந்தா கேட்டுக்கு வெளில."

வீட்டில் மேரி கேண்டீன் புடவையைக்கூட மாற்றாமல் மகளுக்காகக் காத்திருந்தாள். வேலைக்குப் போகும் வழியில் பிளெக்ஸை இரண்டு முறை இறங்கிப் பார்த்திருந்தாள்.

"இத்தினி வருசமா பேப்பர்ல போட்டோ வரும். கோல் போட்டவ மொகம் தெரியும். ஓரத்துல ஒரு முட்டி தெரியும். அது எம் பொண்ணு முட்டின்னு நான் கேண்டீன்ல காட்டிக்கினு இருப்பேன். இப்பதான் மொகம் வந்துக்கீது."

"எனக்கு அந்த எடம் வராதும்மா."

"முன்னாடி போய் நிக்கிறதுக்கு இன்னா படிப்பாடி வேணும்?"

பதில் அடுத்த ஆட்டத்தில் செவ்வாப்பேட்டை அணிக்கு எதிராகக் கிடைத்தது. எதிரணியின் கோலுக்கு நேரே, ஆளே இல்லாத இடத்தில் பந்து அவளிடம் வந்தது. தட்டிவிட்டால் போதும். ஆனால் கோலுக்கு முன்னால் பந்தைக் கண்டதும் அவள் கால் இத்தனை வருடமாகச் செய்த வேலையைச் செய்தது. ஓங்கி உதைத்துப் பந்தை மைதானத்துக்கு வெளியே, முள்வேலிக்கு அப்பால் அனுப்பியது.

"தேங்க்ஸ்க்கா" என்றாள் எதிரணிக் கோலி.

அதே ஆட்டத்தில் புவனேஸ்வரி இரண்டு முறை பந்தைப் பிடித்தாள். இரண்டு முறையும் அதைக் கீழே போட்டு, காலாலேயே ஓட்டிக்கொண்டு மைதானத்தின் முழு நீளத்தையும் கடந்து, எதிர்க் கோலில் அடித்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். அணி அதனால்தான் தோற்கவில்லை. மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது: 'பயிற்சி நிலை ஊழியர் தம் நிலைக்கு மீறிக் கோல் அடித்தது குறித்து விளக்கம் தருக.'

பிரின்சி துணிந்து அலுவலகத்துக்குப் போனாள். ஏணிப் படத்துக்குக் கீழே முனிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார்.

"சார், எனக்கு இந்தப் பிரமோசன் வேணாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாராச்சும் மெரட்றாங்களா?"

"இல்ல சார். எனக்கு ஸ்டாப்பர்தான் வரும்."

"நீயா சொல்லல. பரம்பரையா பயக்கப்பட்ட பயம் சொல்லுது. போம்மா, தைரியமா இரு."

"தைரியமா ஸ்டாப்பரா இருக்கேன் சார்."

"அது முடியாதும்மா. ஏறுனவங்கள எறக்கணும்னா தண்டனையாத்தான் எறக்க முடியும்."

"அப்ப தண்டன குடுங்க சார்."

"தப்பு பண்ணியா?"

"பண்றேன் சார். இன்னா பண்ணணும்?"

முனிகிருஷ்ணனுக்குக் கேள்வி பிடித்திருந்தது. தொழில் சம்பந்தமான கேள்வி. யோசித்துச் சொன்னார். பயிற்சிக்கு லேட்டாக வந்தால் எச்சரிக்கை. அதிகாரியைத் திட்டினால் சஸ்பென்சன். கோலே அடிக்காவிட்டால் தன்னம்பிக்கை வகுப்பு.

"ஸ்டாப்பரா எறக்குற அளவுக்கு ஒரு தப்பு நம்ம ரூல்ஸ்லியே இல்லம்மா. அவ்ளோ பெரிய தப்ப யாரும் பண்ண மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கைல வுட்டுட்டோம்."

அவள் கோல் அடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. தன்னம்பிக்கை வகுப்புக்கு அனுப்பினார். அங்கே ஒருவர் அவளைக் கண்ணை மூடி, தன்னை ஓர் அம்பாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் கண்ணை மூடினாள். அம்பு வந்தது. அதை மறித்து வெளியே அடித்தாள்.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல் செயலாளரின் கவனத்துக்கு வந்தது. ஆட்டச் சூட்டில் பதவி உயர்ந்தவர்கள் நிலை மறந்து பின்களத்துக்கு ஓடி வருகிறார்கள். பயிற்சி நிலையினர் முன்களத்தில் புகுந்துவிடுகிறார்கள். எது முன்களம் என்று எழுதி வைக்காததால் வந்த ஒழுங்கீனம் இது என்று அவர் கண்டுபிடித்தார்.

கழக மைதானத்தின் ஒரு முனையில் ரயில் பாதை, மறுமுனையில் உருக்காலைப் புகைபோக்கி. ரயில் பக்கக் கோலுக்குப் பின்னால் 'முன்களம்' என்றும், புகைபோக்கிப் பக்கக் கோலுக்குப் பின்னால் 'பின்களம்' என்றும் பெரிய சிமென்டுப் பலகைகள் எழும்பின. ஆலையின் வாட்ச்மேன் தாவீது, நடுக்கோட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைக்கப்பட்டார். முன்கள ஊழியர் எவரும் கேட் பாஸ் இல்லாமல் பின்களம் போகக் கூடாது; பின்கள ஊழியர் எவரும் முன்களம் வரக் கூடாது.

பலகையில் கடைசிப் பூச்சு நடந்துகொண்டிருந்தபோது பிரின்சியும் புவனேஸ்வரியும் அங்கே நின்றிருந்தார்கள். முனிகிருஷ்ணன் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"புயலே வந்தாலும் இது நவுராது" என்றார்.

பிரின்சி வாயைத் திறந்தாள். ஏதோ கேட்க வந்தவள், மறுபடியும் பலகையைப் பார்த்தாள். நடுக்கோட்டைப் பார்த்தாள். அந்தப் பக்கக் கோலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல சார். நல்லா ஸ்ட்ராங்கா கீது."

முனிகிருஷ்ணன் போன பிறகு புவனேஸ்வரி அவளை இடித்தாள். "இன்னாக்கா சிரிக்கிற?"

"நம்ம செக்ரெட்ரி இதுவரைக்கும் செகண்ட் ஆஃப் பாத்துக்கீறாரா?"

"எங்க பாக்கறாரு. இன்டர்வெல்ல விருந்தாளிங்களோட நாஷ்டா துன்னப் போனா அதோட அப்டியே ஊட்டுக்குத்தான்."

"இந்தப் போர்டு நவுராதாம்."

புவனேஸ்வரி பலகையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சத்தமில்லாமல் சிரித்துச் சிரித்து கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே மோனிகா அக்காவையும் கூப்பிட்டுப் பேசினார்கள். மோனிகா அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"என் கிளவுஸ எடுத்து வையிடி."

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பள்ளி அணி வந்தது. பலகைத் திறப்பு விழாவும் சேர்ந்திருந்ததால் முனிகிருஷ்ணன் நாஷ்டாவை மைதானத்துக்கே வரவழைத்துவிட்டார். மேடையில் மைக்கோடு உட்கார்ந்து தானே வர்ணனை செய்யப்போவதாகவும் அறிவித்தார். கோழிக்கோட்டுப் பயிற்சியாளர் அம்மா குடையும் கைப்பையுமாக வந்து ஓரத்தில் உட்கார்ந்தார். பின்வரிசையில் மேரி, கேண்டீன் தோழிகளோடு வந்திருந்தாள்.

முதல் பாதியில் எல்லாம் பலகைப்படி நடந்தது. கொசஸ்தலையின் சீனியர்கள் அனைவரும் ரயில் பக்கம் கூடி நின்று, வராத பந்துக்குக் காத்திருந்தார்கள். காட்டுப்பள்ளிப் பெண்கள் பந்தோடு புகைபோக்கிப் பக்கம் போனார்கள். அங்கே தடுக்க, சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பிள்ளைகள் சிலரும் கையுறை பெரிதாகிப்போன புவனேஸ்வரியும்தான். பிரின்சியால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நடுக்கோடு வரை ஓடி வந்தாள். தாவீது எழுந்து கையை நீட்டினார்.

"கேட் பாஸ் கீதாம்மா?"

"அண்ணே, கோல் போவுது."

"கோல் போறதுக்குப் பாஸ் தேவையில்லம்மா. நீ போறதுக்குத்தான் வேணும்."

கோல் போயிற்று. இடைவேளைக்கு முன் நான்கு போயிற்று. கோழிக்கோட்டு அம்மா நான்காவது கோலோடு குடையை மடக்கினார். கைப்பையைத் தோளில் மாட்டி எழுந்தார். ஜெகன் ஓடிப்போய் டீயை நீட்டினார்.

"மேடம், செகண்ட் ஆஃப் மட்டும் பாருங்க மேடம்."

"என்ன பாக்கணும்? நான் ஸ்டாப்பரைப் பாக்க வந்தேன். அவ அந்தப் பக்கம் நின்னு ரயில் எண்ணிட்டிருக்கா."

"டீ குடிக்கிற வரைக்கும் மேடம்."

டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஜெகன் கடைக்காரரிடம் சொல்லி வைத்து வாங்கிய சூடு அது.

இரண்டாம் பாதிக்கு அணிகள் பக்கம் மாறின. உலகத்தில் எங்கே கால்பந்து ஆடினாலும் மாறுகிற மாதிரி மாறின. மோனிகா அக்கா நடுவரிடம் போய்க் கோலியை மாற்றுவதாகச் சொல்லி, புவனேஸ்வரியிடமிருந்து கையுறையையும் கோலிச் சட்டையையும் வாங்கி மாட்டிக்கொண்டார். முன்களம் என்று எழுதிய பலகைக்குக் கீழே இருந்த கோல் இப்போது கொசஸ்தலையின் சொந்தக் கோல். முன்கள ஊழியர்களான மோனிகாவும் பிரின்சியும் மற்ற சீனியர்களும் ஆணைப்படி அதற்கு முன்னால் அணிவகுத்தார்கள். பின்கள ஊழியரான புவனேஸ்வரி ஆணைப்படி புகைபோக்கிப் பக்கமே இருந்து, காட்டுப்பள்ளிக் கோலுக்கு எதிரே நின்றாள். தாவீது எல்லோரையும் பலகையோடு சரிபார்த்துவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்தார்.

பிரின்சி கோலைத் தன் முதுகுக்குப் பின்னால் உணர்ந்தாள். சில வாரங்களுக்குப் பிறகு கால் இரண்டும் தரையில் பட்ட மாதிரி இருந்தது. முதல் பந்து உயரத்தில் வந்தது. தலையால் முட்டி வெளியே அனுப்பினாள்.

மைக்கில் முனிகிருஷ்ணன் வருந்தினார். "கோலுக்கு இவ்வளவு பக்கத்தில் போய் வெளியே அடித்துவிட்டார் சகோதரி பிரின்சி. பரவாயில்லை. முன்களத்தில் முயற்சி தொடர்கிறது."

மோனிகா அக்கா பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தார்.

"நம் கேப்டனைப் பாருங்கள். கால் போதாதென்று கைகளாலும் உழைக்கிறார்."

அந்தப் பக்கம் புவனேஸ்வரி பந்தை வாங்கி, இருவரை ஏமாற்றி, வலைக்குள் அடித்தாள். கூட்டம் எழுந்து கத்தியது. முனிகிருஷ்ணனின் குரல் இறுகியது.

"நம் பயிற்சி நிலை ஊழியரே நம் பின்களக் கோலில் பந்தைப் போட்டுவிட்டார். இது ஐந்தாவது. கோல் வாங்கும்போது கைதட்டுவது நாகரிகமல்ல."

புவனேஸ்வரி அடித்த ஆறாவதற்கும் ஏழாவதற்கும் அவர் வர்ணனை செய்ய மறுத்துவிட்டார்.

ஆட்டம் முடியும் நேரத்தில் காட்டுப்பள்ளியின் வேகமான பெண் ஒருத்தி தனியாகப் பந்தோடு வந்தாள். அவளுக்கும் கோலுக்கும் நடுவே பிரின்சி மட்டும். பிரின்சி பாயவில்லை. முகம் அவளைப் பார்த்தபடி இருக்கப் பின்னாலேயே ஓடினாள். அந்தப் பெண் இடப்பக்கம் ஏமாற்றினாள், பிரின்சி நகரவில்லை. வலப்பக்கம் போக இடம் விட்டாள். அந்தப் பெண் அதை நம்பிப் போனாள். போகப் போக இடம் குறைந்து, மூலைக்குத் தள்ளப்பட்டு, பந்தைக் காலிலிருந்து ஒரு சாண் அதிகமாகத் தள்ளிய கணத்தில் பிரின்சியின் கால் நீண்டது. பந்து மட்டும் வெளியே போயிற்று. அந்தப் பெண் விழக்கூட இல்லை.

கூட்டத்தில் யாரும் பெரிதாகக் கத்தவில்லை. கோல் போகவில்லையே. மேரி மட்டும் எழுந்து நின்றாள். "அதான் எம் பொண்ணு முட்டி" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். கோழிக்கோட்டு அம்மா எப்போதோ நாற்காலியை விட்டு வந்து கோட்டோரம் நின்றிருந்தார். கையில் டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

கொசஸ்தலை மூன்றுக்கு நான்கு என்று தோற்றது. முனிகிருஷ்ணன் கணக்கில் ஏழுக்குப் பூஜ்யம். நிறைவுரையில் அவர் கலங்காமல் சொன்னார்: "ஏழு கோல் வாங்கினோம். வாங்கியது முக்கியமல்ல. வாங்கிய நேரத்தில் நம் சீனியர்களில் ஒருவர்கூடப் பின்னால் இல்லை. அதுதான் வரலாறு."

மேடையை விட்டு இறங்கியவரைக் கோழிக்கோட்டு அம்மா நிறுத்தினார்.

"எங்களுக்கு உங்க ஸ்டாப்பரை வேணும்."

"ஸ்டாப்பரா? எங்ககிட்ட அந்தப் போஸ்ட்டே கிடையாது மேடம். ஒழிச்சிட்டோம்."

அம்மா பிரின்சியைக் காட்டினார்.

"அது ஃபார்வர்டு" என்றார் முனிகிருஷ்ணன்.

"செகண்ட் ஆஃப் முழுக்க சொந்த கோலுக்கு முன்னாடி நின்னாளே."

"அது முன்களம் மேடம். போர்ட பாருங்க."

"போர்டு இருக்கட்டும். செகண்ட் ஆஃப்ல சைடு மாறுமில்லே?"

முனிகிருஷ்ணன் பலகையைப் பார்த்தார். எதிர்ப் பலகையைப் பார்த்தார். இரண்டும் வைத்த இடத்தில் உறுதியாக நின்றன.

"யாரக் கேட்டு மாறுது?"

"அது ரூல்."

"எந்தக் கமிட்டி போட்ட ரூல்?"

ஜெகன் ஒப்பந்தத் தொழிலாளிக்கு உரிய தூரத்தில் நின்று புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனிகிருஷ்ணன் மெதுவாகப் பிரின்சி பக்கம் திரும்பினார்.

"இது ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றால் அவள் இன்றும் ஃபார்வர்டு, நாளையும் ஃபார்வர்டு, ஒரு நாள் அந்த நாற்காலி. ஃபார்வர்டை ஸ்டாப்பராகக் கோழிக்கோட்டுக்கு விட இந்த மனிதரின் விதியில் இடமில்லை.

"தெரியும் சார்."

"எப்பலேர்ந்து?"

"சின்னப் புள்ளலேர்ந்து சார்."

"போர்டு வெக்கும்போதும் தெரியுமா?"

"அப்ப நல்லாவே தெரியும் சார்."

"தெரிஞ்சே பின்னால போய் நின்னியா?"

"முன்களத்த வுட்டு ஒரு அடி நவுரல சார். தாவீது அண்ணனக் கேளுங்க."

தாவீது ஆமாம் என்று தலையாட்டினார். அதுதான் முனிகிருஷ்ணனை உடைத்தது. விதியை மீறுபவர்களை அவர் ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறார். விதியை அப்படியே கடைப்பிடித்து அதன் முதுகில் ஏறிக்கொண்டவளை அவர் பார்த்ததில்லை. பேச்சு மைக்குத் தமிழில் வந்தது.

"இதற்கு ஏற்ற தண்டனை நம் விதிகளில் இல்லை என்று சொல்லியிருந்தேன். இந்த நிமிடம் முதல் இருக்கிறது. முன்கள நிலையிலிருந்து ஸ்டாப்பராகப் பதவி இறக்கம். அதோடு தண்டனை இடமாற்றம். கோழிக்கோடு." பிறகு தன் தமிழுக்குத் திரும்பினார். "போ. அங்கியே பின்னால நில்லு."

பிரின்சி தலையைக் குனிந்துகொண்டாள். முகத்தில் இருப்பது வெளியே தெரிந்தால் காரியம் கெட்டுவிடும். தோள் லேசாகக் குலுங்கியது. முனிகிருஷ்ணனுக்கு மனம் இளகிவிட்டது.

"அழுவாதம்மா. தண்டனயக் கொறைக்கச் சொல்லி மனு போடலாம். கமிட்டில நான் பேசறேன்."

"வேணாம் சார்" என்றாள் பிரின்சி, தரையைப் பார்த்தபடி. "தப்பு தப்புதான்."

"நல்லபடியா நடந்துக்கினா ஒரு நாள் ஃபார்வர்டா திரும்பி வருவ."

"நடந்துக்க மாட்டேன் சார்" என்று சொல்ல வந்தவள் வெறுமனே தலையாட்டினாள்.

கோழிக்கோடு வண்டியைப் பிடிக்க அவள் கிளம்பியது அடுத்த மாதம். சென்னை வரை உடன் வர மேரி லீவு போட்டிருந்தாள். பெட்டியை மழைக்காக ஒரு பிளெக்ஸால் சுற்றிக் கட்டியிருந்தாள். டீக்கடைக்காரரிடம் கேட்டு வாங்கியது. மடிப்பில் ஒரு கண்ணும் 'முன்களம் கா' என்பதும் தெரிந்தன.

மின்சார ரயில் நகர்ந்தது. மைதானத்தில் ஏதோ ஆட்டத்துக்கு இடைவேளை. பலகைகளைக் கழகம் உடைத்து எடுத்து, அடியில் சக்கரம் வைத்துவிட்டிருந்தது. தாவீதும், உயர்நிலை இருக்கையிலிருந்து எழுப்பப்பட்ட இரண்டு பேரும் அவற்றை முனைக்கு முனை மாற்றத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். போன இரவு மழை. நடுவட்டத்தில் முன்களமும் பின்களமும் ஒன்றை ஒன்று உரசியபடி சக்கரம் புதைந்து நின்றன. இரண்டு அணிகளும் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தன. மைக் சத்தம் மட்டும் ரயில் வரை கேட்டது.

"எதுக்குடி வண்டி போறதுக்கு எதிர்ப்பக்கம் பாத்து ஒக்காந்துக்கினு கீற?" என்றாள் மேரி. "தல சுத்தும். இப்டி முன்னாடி பாத்து ஒக்காரு."

"சுத்தாதும்மா" என்றாள் பிரின்சி. "எனக்கு இப்டிப் போய்த்தான் பயக்கம்."